வினாப் பண்டமாற்று



சிற்றூர்த் திண்ணைகளில் இரவு உணவுக்குப் பின் முதியவரும் சிறுவரும் கூடியமர்ந்து விடுகதை போட்டுப் பொழுதைக் கழித்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு விடுகதை போடுவார். மற்றவர் அதனை விடுவிக்க முயல்வார். இயலாவிடில் தோல்வியை ஒப்புக்கொள்வார். பிறகு தம் பங்குக்கு அவர் ஒன்று போடுவார். இவ்விளையாட்டு மிகப் பழமையானது. தொல்காப்பியர் இதனைப் பிசி என்னும் பெயரால் குறித்திருக்கிறார். ஆகவே, வினாவைக் கொடுத்து வினாவை வாங்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. இக்காலத்தில் அது பொது அறிவுப் போட்டி என்றும் வினாடி வினா என்றும் பெயர் மாறி வந்திருக்கிறது, அவ்வளவே.

ஒரே பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள் ஒன்றுகூடித் தமக்குள் வினாக்களைப் பரிமாறிக் கொள்வதைப் பற்றி இன்று சில சொற்கள் பேச விரும்புகிறேன். பொழுதுபோக்குகள் பல. அவற்றுள் நான் நெடுங்காலம் பழகியது தபால்தலை சேகரிப்பு. ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய ஆண்டுகளில், மாணவர்களைக் கொண்டு தபால்தலைக் குழுக்கள் நடத்தியிருக்கிறேன். ஆதலால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

தபால்தலை சேகரிப்போர் இருவர் சந்தித்தால் முதலில் நிகழ்வது பண்டமாற்று. என்னிடம் ஒரே வகைத் தலை இரண்டு இருந்தால், ஒன்றை உங்களுக்கு ஈந்து, என்னிடம் இல்லாத ஒன்றை உங்களிடமிருந்து பெறுவேன். இதில் ஒரு குறை உண்டு. கொடுத்த தலை கையை விட்டுப் போய்விடும். அரிய தலை உடையவன் அதனை வெளியே எடுக்கவே தயங்குவான். இல்லாதவன் ஏக்கத்தோடு பார்ப்பான். செல்வர் வீட்டுப் பிள்ளையின் தொகுப்பேடு பருத்தும், ஏழைப் பிள்ளையின் தொகுப்பேடு மெலிந்தும் இருக்கும். ஆனால் வினாப் பண்டமாற்றில் இவ்வேறுபாடு இல்லை. கொடுத்த வினாவும் விடையும் கொடுத்தவனிடமே இருக்கின்றன, பெற்றவனிடமும் சேருகின்றன. பத்துத் தலைகளே உடைய மாணவனும், அவற்றைக் கூர்ந்து நோக்கினால், பத்து வினாக்களோடு வந்து சமமாக அமரலாம்.

எத்தகைய வினாக்கள் என்று கேட்பீர்கள். சிலவற்றைச் சொல்கிறேன், விடையை நான் கூறுமுன் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தன் பெயரைத் தபால்தலையில் பொறிக்காத நாடு எது? விடை, பிரிட்டன். 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அந்நாட்டில் ஒரு பென்னி மதிப்புள்ள கறுப்புநிறத் தலை புழக்கத்துக்கு வந்தது. ஒட்டும் தபால்தலைகளில் அதுவே முதலாவது. அதற்குமுன் கடிதத்தின் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினர்; தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் ஏறும். ரோலந்து ஹில் என்பவர், அனுப்புபவரே முன்பணமாகக் கட்டவேண்டும் என்றும், உள்நாட்டில் எவ்வளவு தூரமாயினும் எடைக்கேற்ற ஒரே கட்டணம் போதும் என்றும் வாதாடி அதனை நிலைநாட்டினார். வேறு எந்நாட்டிலும் தபால்தலை இல்லாத காலத்தில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆட்சியாளரின் முகமே போதுமான அடையாளமாயிற்று. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரு சிறு வினா, ஒரு பெரிய சீர்திருத்தத்தின் வரலாற்றையே நமக்குத் திறந்து காட்டுகிறது அல்லவா?

மற்றொன்று. தபால்தலையின் ஓரங்களில் பல்வரிசை போன்ற அமைப்பு எதற்காக? இதற்கு நூல் படித்திருக்க வேண்டியதில்லை, சிந்தித்தாலே போதும். தொடக்கத்தில் தலைகள் ஒரே தாளில் நெருக்கமாக அச்சிடப்பட்டு வந்தன. அஞ்சல் அலுவலர் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருந்தது. பின்னர், வரிசைகளுக்கிடையே துளையிட்டால் கையாலேயே கிழித்துவிடலாம் என்று கண்டனர். 1854இல் பிரிட்டனில் துளையிட்ட தாள்கள் பொது வழக்குக்கு வந்தன. கிழிந்த துளைகளின் பாதிகளே நாம் காணும் பற்கள்.

இன்னும் ஒன்று. சில தலைகளில் ஹெல்வேசியா என்று மட்டுமே பொறித்திருக்கும். உலகப் படத்தில் அப்பெயரைத் தேடினால் கிடைக்காது. அது எந்த நாடு? சுவிட்சர்லாந்து. அந்நாட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரொமாஞ்சு என நான்கு மொழிகள் வழங்குகின்றன. நான்கிலும் பெயரைப் பொறிக்கச் சிறு தலையில் இடம் ஏது? ஒரு மொழியை மட்டும் பொறித்தால் மற்றவர்க்கு மனக்குறை. ஆகவே எவர்க்கும் தாய்மொழியல்லாத இலத்தீனில் ஒரு பழம் பெயரைத் தேர்ந்துகொண்டனர். பல மொழியினர் கூடிவாழும் நாட்டவராகிய நமக்கு இவ்விடையில் சிந்திக்க இடமுண்டு.

இனி, இலக்கணப் பாடத்தை நினைவூட்டப் போகிறேன், பொறுத்தருள்க. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகையாக வகுத்திருக்கிறார். தான் அறிந்ததைப் பிறர் அறிவாரா என்று காணக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறியும்பொருட்டுக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் உப்பு இருக்கிறதா என்று, வாங்கும் நோக்கோடு கேட்பது கொளல் வினா. உன்னிடம் எழுதுகோல் இல்லையா என்று, கொடுக்கும் நோக்கோடு கேட்பது கொடை வினா. பாடம் எழுதிவிட்டாயா என்று, செய்விக்கும் நோக்கோடு கேட்பது ஏவல் வினா.

பொது அறிவுப் போட்டியில் கேட்கப்படுவன யாவும் அறிவினா என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்கு விடை தெரியும். சொல்பவருக்குத் தெரியுமா என்பதே சோதனை. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தைத் திருத்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது என் பிழையைப் பற்றியது. ஆயினும் பிழையை மறைக்கும் ஆசிரியரிடம் மாணவர் கற்பது குறைவு, ஆதலால் சொல்லிவிடுகிறேன்.

1988ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. வெள்ளிக்கிழமை மாலைகளில் நூலக அறையில் எங்கள் தபால்தலைக் குழு கூடும். உறுப்பினர் இருபது பேர் இருப்பர். தலைகளை மாற்றிக்கொண்டபின், ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் தாம் எழுதிவந்த வினாவைப் படிப்பர். விடை சொன்னவருக்கு ஒரு மதிப்பெண். எவரும் சொல்லாவிடில் கேட்டவருக்கு ஒரு மதிப்பெண். மாத இறுதியில் மிகுதியாகப் பெற்றவருக்கு ஒரு தலை பரிசு.

ஒரு வெள்ளிக்கிழமை நானே வினா விடுத்தேன். “இந்தியாவின் முதல் தபால்தலை எந்த ஆண்டு வெளிவந்தது?” என்று கேட்டேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “1852, ஐயா” என்றான். அவன் எங்கள் ஊர்த் தபால்காரரின் மகன், அதிகம் பேசாதவன். என் கையிலிருந்த பொது அறிவு நூலில் 1854 என்று அச்சிட்டிருந்தது. “தவறு” என்றேன். “இல்லை ஐயா, 1852 என்று படித்திருக்கிறேன்” என்று அவன் மெல்லச் சொன்னான். “தபால்காரர் மகனுக்கே தெரியவில்லையா?” என்று நான் வேடிக்கையாகக் கேட்டேன். அறை முழுதும் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் அதனைப் பொருட்படுத்தவுமில்லை. மூன்றாம் வாரம், பள்ளிக்குக் கடிதங்கள் கொண்டுவந்த அவன் தந்தை, கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார். “ஐயா, பையன் தப்பாகச் சொல்லிவிட்டானாம். எங்கள் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தான். இப்போது அதை எடுப்பதே இல்லை. தப்பான புத்தகமா என்று ஐயா பார்த்துச் சொன்னால் நல்லது” என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. அதனாலேயே என் மனம் சுருக்கென்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தஞ்சைக்குச் சென்று, நூலகத்தில் தபால்தலைப் பட்டியல் நூலைத் தேடிப் புரட்டினேன். அங்கே உண்மை தெளிவாக இருந்தது. 1852 ஜூலை முதல் நாள், சிந்து மாகாணத்தின் ஆணையராயிருந்த பார்ட்டில் பிரேர் என்பவரின் முயற்சியால் அரை அணாத் தலை ஒன்று அங்கே வெளியாயிற்று. சிந்து டாக் என்பது அதன் பெயர். டாக் என்றால் தபால். ஆசியாவிலேயே முதன்முதல் வெளிவந்த ஒட்டும் தபால்தலை அதுவே. அதன் ஒரு வகை, சிவப்பு அரக்கில் வில்லையாக அழுத்திச் செய்யப்பட்டது. எளிதில் நொறுங்கிவிடும் தன்மையது. அத்தலை சிந்துப் பகுதியில் மட்டுமே செல்லும். 1854 அக்டோபரில்தான், நாடு முழுவதற்கும் பொதுவான தலைகள், அரசி விக்டோரியாவின் உருவம் பொறித்து, கல்கத்தாவில் அச்சிடப்பெற்றுப் புழக்கத்துக்கு வந்தன. மாணவன் சொன்னதும் சரி. என் நூல் சொன்னதும் ஒரு வகையில் சரி. பிழை எங்கே இருந்தது? என் வினாவில் இருந்தது. நாடு முழுவதற்குமான முதல் தலை எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வினாவை அரைகுறையாகத் தொடுத்துவிட்டு, முழுமையாக விடை சொன்னவனைத் தலைகுனியச் செய்துவிட்டேன்.

மறுவாரம் அவனை நானே அழைத்து வந்தேன். அனைவர் முன்னிலையிலும் இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி விளக்கி, “அவன் சொன்னது சரி, நான் கேட்டது பிழை, சிரிக்க வைத்தது அதனினும் பெரிய பிழை” என்றேன். மதிப்பெண்ணும் கொடுத்தேன். அவன் எழுந்தான். மகிழ்ச்சி தெரிவிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, “ஐயா, சிந்து இப்போது பாகிஸ்தானில் அல்லவா இருக்கிறது? அப்படியானால் 1852ஐ இந்தியாவின் முதல் தலை என்று சொல்லலாமா?” என்று கேட்டான்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் தன் விடையையே தான் ஐயுற்றான். ஒரு மாணவன், “1852இல் பாகிஸ்தான் என்ற நாடே இல்லையே” என்றான். மற்றொருவன், “அப்போது ஆண்டது கும்பினி அரசு, அதன் தலையை நம் தலை என்று எப்படிச் சொல்வது? 1947 நவம்பர் 21ஆம் நாள் மூவண்ணக் கொடியோடும் ஜெய்ஹிந்த் என்ற சொல்லோடும் வந்த மூன்றரை அணாத் தலைதான் நம் முதல் தலை” என்று வாதிட்டான். மணி ஆறரை ஆகியும் எவரும் வீடு செல்ல எழவில்லை. நாடு என்றால் நிலமா, மக்களா, அரசா என்ற கேள்வி அன்று அந்தச் சிற்றூர் நூலக அறையில் விவாதிக்கப்பட்டது. விடை முடிவாகவில்லை. ஆயினும் என் ஆசிரியப் பணியில் அதனினும் சிறந்த பாடவேளை ஒன்றை நான் நடத்தியதாக நினைவில்லை. உண்மையில் அதனை நடத்தியவன் நானல்லன்.

அன்றுதான் ஒன்றைக் கண்டேன். என் அறிவினா, பிழையாலே ஐய வினாவாயிற்று. ஐய வினா, அனைவர்க்கும் அறியா வினாவாயிற்று. போட்டியாகத் தொடங்கியது கல்வியாக முடிந்தது.

அதன்பின் எங்கள் குழுவில் சில விதிகளை வகுத்தோம். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இத்தகைய குழு அமைப்பீர்களாயின், இவை பயன்படக்கூடும்.

முதல் விதி: வினாவுக்கு வேலி கட்டுக. எந்த இடம், எந்தக் காலம், எந்த வகை என்பதை வினாவிலேயே சொல்லிவிட வேண்டும். முதல், மிகப் பெரிய, ஒரே என்னும் சொற்கள் வருமிடங்களில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஓர் எடுத்துக்காட்டு. வானவழியே முதன்முதல் தபால் சென்றது எங்கே என்று ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். 1911 பிப்ரவரி 18ஆம் நாள், அலகாபாத்திலிருந்து, யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்கு, ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சு வானோடி ஏறத்தாழ 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டு சென்றார் என்பது கேட்டவர் எதிர்பார்க்கும் விடை. அந்நகர் 2018இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறியது. ஆனால் 1870இலேயே பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, காற்றுக்கூண்டுகளில் கடிதங்கள் வானவழியே வெளியேறின. அவற்றைச் சொன்னவரைத் தவறென்று தள்ளலாமா? ஆகவே, அரசின் அனுமதியோடு விமானத்தில் சென்ற முதல் தபால் என்று வேலி கட்டிக் கேட்பதே நேர்மை.

இரண்டாம் விதி: விடையின் பிறப்பிடத்தையும் எழுதுக. துண்டுத் தாளின் ஒரு பக்கம் வினா, மறுபக்கம் விடை, அதன்கீழ், அதனை எங்கே அறிந்தோம் என்ற குறிப்பு. அச்சில் வந்ததெல்லாம் உண்மையன்று. அரசுகள் அச்சிட்ட தபால்தலைகளே இதற்குச் சான்று. 1903இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் கிட்ஸ் நெவிஸ் வெளியிட்ட தலையில், கொலம்பஸ் கப்பலில் நின்று தொலைநோக்கி வழியே கரையைப் பார்க்கிறார். கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்தது 1492இல். தொலைநோக்கி உலகுக்குத் தெரியவந்ததோ 1608இல். 1956இல் கிழக்கு ஜெர்மனி, இசைமேதை ஷூமனின் நூற்றாண்டு நினைவாக வெளியிட்ட தலையில், அவர் உருவத்துக்குப் பின்னால் ஷூபர்ட் என்னும் வேறொருவரின் இசைக்குறிப்பு அச்சாகியிருந்தது. பிழை கண்டபின் சரியான இசைக்குறிப்போடு புதிய தலை வெளியிட்டனர். ஓர் அரசே தன் பிழையைத் திருத்திக்கொள்ளுமானால், ஒரு பள்ளி ஆசிரியன் திருத்திக்கொள்வதில் என்ன இழிவு?

மூன்றாம் விதி: விடையில் ஐயம் எழுந்தால் அவ்வினாவை ஒத்திவைக்க. எங்கள் அறையில் ஒரு பழைய அட்டைப் பெட்டிக்கு ஐயப் பெட்டி என்று பெயரிட்டிருந்தோம். தகராறான வினாக்கள் அதனுள் போகும். ஒரு வாரத்துக்குள் யார் வேண்டுமாயினும் சான்று தேடிவரலாம். மதிப்பெண் அதுவரை எவருக்கும் இல்லை. அப்பெட்டியில் போன வினாக்களே பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பின.

நான்காம் விதி: தவறிய விடைக்குச் சிரிப்பு இல்லை. இதனை நான் சட்டமாகவே வைத்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

இக்காலத்தில் இவ்வளவும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சட்டைப்பையிலுள்ள கைப்பேசியைத் தொட்டால் நொடியில் விடை வந்து நிற்கிறதே என்பர். உண்மைதான். விடை மலிந்துவிட்டது. எது மலிகிறதோ அதனைச் சேர்த்து வைப்பதில் பெருமையில்லை. அதனைத் தேர்ந்தெடுக்கும் திறமையே அருமையாகிறது. இந்தியாவின் முதல் தபால்தலை எது என்று இன்று கருவியைக் கேட்டாலும் ஓர் ஆண்டு கிடைக்கும். ஆனால், எந்த இந்தியா என்று திருப்பிக் கேட்டவன் ஒரு சிறுவன். நூலாயினும் கருவியாயினும், வினா பிழையாயின் விடையும் பிழைபடும். ஆதலால் நல்ல வினாவைத் தொடுக்கவும், வந்த விடையைச் சோதிக்கவும் பழகுவது முன்னைவிட இன்றே மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதற்கு நண்பர் குழுவினும் நல்ல பயிற்சிக்கூடம் இல்லை.

பரிசுக்காகவும் புகழுக்காகவும் மட்டும் வினாக்களை மனப்பாடம் செய்யும் பழக்கம் பற்றியும் ஒரு சொல். ஆயிரம் வினாவிடைகளை நெட்டுருச் செய்தவன் மேடையில் வெல்லக்கூடும். நான் அவனைக் குறை கூறவில்லை; நினைவாற்றலும் நற்பண்பே. ஆயினும், ஹெல்வேசியா என்றால் சுவிட்சர்லாந்து என்பதோடு நிற்பவனுக்கும், ஏன் அந்தப் பெயர் என்று கேட்பவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் ஒரு தலையைச் சேகரித்தான். பின்னவன் ஒரு நாட்டை அறிந்தான்.

மாணவ மாணவியரே, நன்னூலார் சொன்ன ஆறனுள் கொடை வினாவை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எழுதுகோல் இல்லையா என்று கேட்பவன், இல்லை என்ற விடை வந்தால் எள்ளி நகையாடுவதில்லை. தன்னிடமுள்ளதை எடுத்துக் கொடுக்கிறான். பொது அறிவு வினாவையும் அந்த மனத்தோடு கேட்கலாம். தெரியுமா என்று நான் கேட்பது, தெரியாவிடில் தருவேன் என்பதற்காக. உனக்குத் தெரிந்தால், எனக்குத் தெரியாத மற்றொன்றை நீ தருவாய். இவ்வாறு நடக்குமாயின் இப்பண்டமாற்றில் தோற்றவர் என்று எவரும் இலர்.

இறுதியாக, இன்று இரவே நீங்கள் தொடங்கக்கூடிய ஒரு சிறு முயற்சி. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ பழைய கடித உறை ஒன்று கட்டாயம் கிடக்கும். அதனை எடுத்துப் பாருங்கள். தபால்தலையில் நயா பைசா என்று அச்சிட்டிருந்தால், அது எந்த ஆண்டுகளுக்குள் வந்திருக்கக்கூடும்? நயா என்னும் சொல் ஏன் வந்தது? ஏன் போயிற்று? 1957 ஏப்ரல் முதல் நாள், பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு காசுகளாக மாறியது என்பதை மட்டும் குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன். எஞ்சியதை உங்கள் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ கேளுங்கள். அவர்கள் சொன்னதை நூலோடு ஒத்துப் பாருங்கள். பிறகு உங்கள் தோழர் ஒருவரிடம் அதனை வினாவாகக் கொடுங்கள். அவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.